வால் அறாத புலி

சியன் ஆற்றின் இந்தக் கரையில் கோவேறு கழுதை வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் சேணம் தைக்கிற ஷுவான்லாவைத் தெரியும் என்பார்கள். நிலத்தை வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுத்த பிறகு ஆளாளுக்கு ஒரு கழுதையும் ஒரு வண்டியும் வாங்கிவிட்டதால், அவனுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை. அவன் தைத்த வாருக்கு ஒரு குணம் உண்டு. கழுதை செத்தாலும் செத்துப்போகும், வார் அறாது. இதை அவனே கழுதைக்காரன் முகத்துக்கு நேராகச் சொல்வான், அதுவும் கழுதையை வைத்துக்கொண்டே. வாய் அப்படி, கை இப்படி.

பெயருக்கே 'இறுகக் கட்டியது' என்றுதான் அர்த்தம். முன்னால் பிறந்த இரண்டு தங்கவில்லையே, இதையாவது கட்டி வைப்போம் என்று அப்பா வைத்த பெயர். வைத்தவரும் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது அவனும் தங்கை யின்ஹுவாவும். முப்பத்திரண்டு வயதாகியும் அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை. தோல் நாற்றம் என்று இரண்டு இடத்தில் சொல்லிவிட்டார்கள். தங்கையை மட்டும் போன வருஷம் மலையடிவாரத்து ரென் குடும்பத்தில் நல்லபடியாகக் கட்டிக் கொடுத்தான்.

அவளுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் முட்டைக் கூடையோடு ஓடினான். பேறுகாலம் முடியாத அறைக்குள் ஆண்பிள்ளை போகக் கூடாது என்று மாமியார்க்காரி முற்றத்திலேயே அவனை நிறுத்தி வைத்தாள். ரென் வீட்டம்மா என்றால் அந்த ஊரில் கோழிகூடத் தள்ளி நின்றுதான் மேயும்.

"முட்டையெல்லாம் சரி, சேணக்காரரே. முழு மாசத்துக்குப் புலி என்ன பண்ணப் போறீங்க?"

"கொண்டு வருவேன்."

"யாரு தைப்பா? உங்க வீட்டுல ஊசி பிடிக்க ஒரு பொம்பளை இருக்காளா? நான் குத்திக்காட்டல, உள்ளதைச் சொல்றேன். என் தங்கச்சி மருமக ஒண்ணு தைச்சு வச்சிருக்கா. அன்னிக்கு வாசல்ல வந்து நில்லுங்க, கையில தர்றேன். நீங்க கொண்டு வந்த மாதிரியே இருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்குத் தெரியாது? காகிதம் ஒட்டிய சன்னலுக்குப் பின்னால் படுத்திருந்த யின்ஹுவாவுக்குத் தெரியும். அவள் இருமிய இருமலிலேயே அது அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளைக்கு ஒரு மாதம் நிறையும் நாளில் மஞ்சள் துணிப்புலியோடு வருவது தாய்மாமன் உரிமை. புலி அவன் வீட்டில் தைத்ததாக இருக்க வேண்டும். வாசற்படி தாண்டும் முன் புலிவாலில் ஒரு கணுவை எல்லார் முன்னாலும் முறித்து வெளியே எறிவான். பிள்ளைக்கு வரவேண்டிய கெட்டதெல்லாம் அதோடு தொலையும். அதன் பிறகுதான் அவன் உள்ளே வருவான், விருந்தில் மேல் நாற்காலியில் உட்காருவான். இரவல் புலியோடு வந்தவன் தங்கைக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை என்பதைத் தானே ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி. அப்புறம் அவள் ஆயுளுக்கும் அந்த வீட்டில் குரலை உயர்த்த முடியாது.

"எங்க வீட்டுப் புலி எங்க வீட்டுலேருந்துதான் வரும்" என்று சொல்லிவிட்டு, முட்டைக்கூடையைத் திரும்ப வாங்க மறந்து, விறுவிறு என்று நடந்தான். ஆற்றைத் தாண்டிய பிறகுதான் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பது உறைத்தது. துணியில் அவன் இதுவரை ஒரு பொத்தான்கூடத் தைத்ததில்லை.

மறுநாள் சந்தை நாள். கடைத்தெருவில் கூட்டம் நெரிகிறது, சேணக்கடை மட்டும் பலகை சாத்திக் கிடக்கிறது. எதிரே தௌஃபு என்கிற சோயாக்கட்டி விற்கிற பான் அக்காவுக்கு அது பொறுக்குமா? பலகை இடுக்கில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"ஷுவான்லாவ்! உசிரோட இருக்கியா?"

"இருக்கேன்."

"உள்ள யாரு? பொண்ணு கிண்ணு கூட்டியாந்துட்டியா?"

"வேலையா இருக்கேன் அக்கா. போயி தௌஃபுவைப் பாரு, நாய் வாய வைக்குது."

நாய் வாய் வைக்கவில்லை. ஆனால் அவள் போனாள்.

உள்ளே மஞ்சள் துணி பலகைமேல் விரிந்து கிடந்தது. அவன் தோல் வெட்டும் பிறைக்கத்தியால் ஒரே இழுப்பில் உடம்பை வெட்டினான். குத்தூசியால் ஓட்டை போட்டு, சேணத்து ஊசி இரண்டை இரு பக்கமிருந்தும் கோத்து, எதிரெதிராக இழுத்துத் தைத்தான். சேணத் தையல் அப்படித்தான். ஒரு நூல் அறுந்தாலும் மறு நூல் தாங்கும். உள்ளே கழுதையின் கழுத்துப்பட்டைக்கு அடைப்பது போலத் தவிட்டைக் கட்டையால் இடித்து இடித்து அடைத்தான். நிமிர்த்தி வைத்தான். குத்தூசி ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் தவிடு பொலபொலவென்று கொட்டியது. கொட்டினால்கூடப் பரவாயில்லை, அது புலியாகவே இல்லை. காது நீண்டு, மூஞ்சி தொங்கி, கழுத்து முன்னால் நீட்டி நின்றது. பத்து வருஷமாகக் கழுதையையே அளந்த கை வேறு எதை வெட்டும்?

அன்று சாயங்காலம் பான் அக்கா கடைக்குப் போய் நின்றான்.

"அக்கா, சின்ன ஊசி ஒண்ணு குடு. சட்டை கிழிஞ்சிருச்சு."

"எங்க கிழிஞ்சிருக்கு? காட்டு."

"உள்சட்டை."

"ஐயய்யோ, அப்ப காட்டாத" என்று சொல்லி ஊசியைக் கொடுத்தவள், அவன் தலைமுடியில் ஒட்டியிருந்த மஞ்சள் நூலை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள். "உள்சட்டை நல்ல ராசா கலரு!"

இரண்டாவது புலி பன்றியாகப் பிறந்தது. அதைத் தைப்பதற்குள் அவன் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த ஊசி கையில் இருக்கிறதா, கீழே விழுந்துவிட்டதா என்றே அவன் விரல்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவு காய்ப்பு. தேடும்போது மட்டும் குத்தியது. பருத்தி நூலோ அவன் இழுத்த இழுப்புக்கெல்லாம் பட் பட்டென்று அறுந்தது. கடைசியில் பொறுமை போய், தன் சொந்தச் சணல்நூலை எடுத்து, மெல்லியதாகப் பிரித்து, மெழுகு தேய்த்து, சின்ன ஊசியில் கோத்தான். அது நின்றது. 'இத முதல்லயே செஞ்சிருக்கலாம்ல, மடையா' என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

மூன்றாவதுக்கு அவன் வெட்டுமுன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். புலியை அவன் பார்த்ததில்லை, அந்த ஊரில் யாருமே பார்த்ததில்லை. ஆனால் எதிரே மதிற்சுவரில் பான் அக்காவின் பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. உருண்டைத் தலை, குட்டைக் காது, உலகத்தில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்கிற முகம். பூனையைப் பார்த்துப் பார்த்து வெட்டினான். பார்க்கிற ஒவ்வொரு முறையும் அது வேறு பக்கம் திரும்பிக்கொண்டது, மகாராணி.

கண்ணுக்குச் சேணத்தில் அடிக்கிற பித்தளைக் குமிழ் இரண்டு, இலந்தைப்பழ அளவு கருந்தோல் வட்டத்தின்மேல். மீசைக்கும் புருவத்துக்கும் கழுதை நெற்றியில் கட்டுகிற சிவப்புக் குஞ்சம். நெற்றியில் ராஜா என்ற எழுத்து, குறுக்கே மூன்று கோடு, நெடுக்கே ஒன்று. அவனுக்கு எழுதத் தெரிந்த ஏழெட்டு எழுத்தில் அதுவும் ஒன்று. தவிட்டோடு பஞ்சும் கலந்து, இந்தத் தடவை இடிக்காமல், விரலால் மட்டும் திணித்தான். கால் நாலும் மண்ணில் ஊன்றி நின்றது. வாலை மூன்று கணுவாகச் செய்து, கணுவுக்குக் கணு இரட்டை மெழுகு நூலில் சுற்றிச் சுற்றித் தைத்தான். இழுத்துப் பார்த்தான். அறவில்லை. அவன் முகத்தில் வந்த திருப்தியைப் பார்த்திருக்க வேண்டும்.

பலகை இடுக்கில் பான் அக்காவின் ஒரு கண் தெரிந்தது.

"அடப்பாவி, நீயா செஞ்சே? உசுரோட இருக்கு! வால எப்படி வச்சிருக்கே? காட்டு."

"காட்ட மாட்டேன். ஒரு பொம்பளை கை படாம, கண்ணு படாம போவணும் இது."

"காட்டுடா, ஒரு விஷயம் சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம்." சிவப்புத் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டான்.

அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான்.

முழு மாத நாளில் ரென் வீட்டு வாசலில் ஊரே திரண்டு நின்றது. சீருக்குச் சுட்ட பெரிய வளைய ரொட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, புதுச் சட்டையில் ஷுவான்லாவ் வந்து நின்று சிவப்புத் துணியை அவிழ்த்தான். கூட்டம் எக்கி எக்கிப் பார்த்தது. பித்தளைக் கண்ணில் வெயில் பட்டு, புலி எல்லாரையும் ஒரு முறை முறைத்தது.

"யாரு தைச்சது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"நான்தான்."

"பொய்!"

"விரலப் பாரு." பத்து விரலையும் விரித்துக் காட்டினான். ஊசி குத்தின இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ரென் வீட்டம்மா புலியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, வால முறிங்க. விருந்து ஆறுது" என்றாள்.

அவன் வாலின் கடைசிக் கணுவைப் பிடித்து ஒரு இழு இழுத்தான். கணு அசையவில்லை. காலை அகட்டி நின்று இன்னொரு தடவை இழுத்தான். இந்தத் தடவையும் அசையவில்லை. பல்லைக் கடித்து, மூஞ்சி பீட்ரூட் மாதிரி சிவக்க இழுத்ததில் புதுச் சட்டையின் அக்குள்தான் கிழிந்தது.

பெண்கள் பக்கம் முதலில் ஒரு குலுங்கல், அப்புறம் ஒரு வெடிச்சிரிப்பு. ரென் வீட்டம்மா கிட்டே வந்து கணுவைத் திருப்பிப் பார்த்தாள்.

"இரட்டை நூலா? மெழுகு வேற போட்டிருக்கா? அட கூறு கெட்ட மனுஷா! கடைசிக் கணுவ ஒத்தை நூல்ல தொங்க விடணும். தொட்டா வரணும் அது!"

ஷுவான்லாவ் விழித்தான். அவன் மட்டுமா? அங்கே நின்ற ஆண்பிள்ளை அத்தனை பேரும் விழித்தார்கள். மாமன்கள் தலைமுறை தலைமுறையாக வாசலில் நின்று மார்பை நிமிர்த்தி வாலை முறித்தது எல்லாம் கைபலம் என்றுதான் அவர்கள் இதுநாள்வரை நம்பியிருந்தார்கள்.

"அப்ப நான் முறிச்சப்ப?" என்று ஒரு நரைத்த தாடிக்காரர் தன் மனைவியைக் கேட்டார்.

"உன்னோடதும் ஒத்தை நூல்தான். வாய மூடு" என்றாள் அவள்.

ரென் வீட்டம்மாவின் தம்பி கௌ முன்னால் வந்தார். டிராக்டர் நிலையத்தில் வேலை, தொந்தி அதற்குத் தகுந்த மாதிரி. மேல் நாற்காலியில் தன்னைத்தான் உட்காரவைப்பார்கள் என்று காலையிலிருந்தே அதன் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தவர். "விடு தம்பி, நான் பாக்கறேன்" என்று பிடித்து இழுத்தார். கை வழுக்கி, பின்னால் இருந்த வைக்கோல்போரில் மல்லாந்து விழுந்தார். புலி ஷுவான்லாவ் கையிலேயே இருந்தது, வாலோடு. யாரோ கத்தி என்று சொன்னதற்கு நாலு பேர் நாக்கைக் கடித்தார்கள். பச்சைப் பிள்ளை வாசலில் இரும்பை எடுப்பதா?

ரென் வீட்டம்மா உள்ளே போய் ஒரு புலியோடு திரும்பினாள். தங்கை மருமகள் தைத்தது. அழகான புலிதான், அதைக் குறை சொல்ல முடியாது. வால் நுனி ஒற்றை நூலில் ஆடிக்கொண்டிருந்தது. குரலை அவள் தாழ்த்திக்கொண்டது இரக்கத்தினாலா, ஜெயித்ததினாலா என்று சொல்ல முடியாது.

"இத எடுத்து முறிச்சிட்டு உள்ள வாங்க. உங்களுக்கும் நல்லது, அவளுக்கும் நல்லது. நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பொம்பளை இல்லாத வீடு."

அவன் அந்தப் புலியைப் பார்த்தான். கையை நீட்டினால் முடிந்தது. உள்ளே போகலாம், சாப்பிடலாம், ஊர் நாளைக்கே மறந்துவிடும். தங்கை மட்டும் மறக்க மாட்டாள். கை நீளவில்லை. நீளவில்லையே தவிர, வேறு என்ன செய்வது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. பத்து வருஷமாக அறாத தையல் என்று பெருமையடித்தவன் அந்த அறாத வாலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது கூட்டம் விலகியது. யின்ஹுவா வந்துகொண்டிருந்தாள், ஒரு மாதம் வெயில் படாத வெளுத்த முகத்தோடு. தலையில் சிவப்புத் துணி. பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, வாசற்படியைத் தாண்டி வெளியே, அண்ணன் நின்ற பக்கமாக வந்து நின்றாள்.

"அண்ணே, அப்பா மெழுகு நூல எப்படி அறுப்பாரு?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் சிரித்தாள். அவ்வளவு நேரம் வேலை செய்யாத மூளை அப்போதுதான் வேலை செய்தது. மெழுகு நூலை இழுத்தால் அறாது என்று தொழில் தெரிந்த எவனுக்கும் தெரியும். முறுக்கின பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்ப வேண்டும். புரி பிரியும், பிரிந்த பிறகு வெடுக்கென்று ஒரே இழுப்பு. சின்ன வயதில் அப்பா கடையில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தினமும் இருபது தடவை செய்தது. கூச்சத்தில் எல்லாம் மறந்துபோயிருந்தது.

"நீ வயித்துப் பக்கம் பிடி. நான் வாலப் பிடிக்கறேன்" என்றாள்.

"உடம்பு பச்சை உடம்பு, தாங்குமாடி?"

"மாசம் முடிஞ்சிருச்சு. பிடிண்ணே!"

பிடித்தான். அவள் இடப்பக்கம் திருப்ப, அவன் வலப்பக்கம் திருப்ப, புலி வயிற்றைக் காட்டி, முதுகைக் காட்டி, கரகரவென்று சுழன்றது. ஊர் எண்ண ஆரம்பித்தது. எட்டு, ஒன்பது, பத்து. கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே மெழுகு உதிர்ந்து, நூல் வெளுத்து, புரி புரியாகப் பூத்தது.

"இப்ப!" என்றாள்.

இரண்டு பேரும் சேர்ந்து வெடுக்கென்று இழுத்தார்கள். டப் என்று சத்தம் தெரு முனைவரை கேட்டது. அண்ணன் ஒரு பக்கம் விழுந்தான், தங்கை ஒரு பக்கம் உட்கார்ந்தாள். அவள் கையில் கடைசிக் கணு, ஒரே ஒரு கணு. மற்ற இரண்டும் அசையாமல் புலியோடேயே இருந்தன.

ஊர் கத்திய கத்தலில் பட்டாசுக்காரன் பதறிப்போய் நேரத்துக்கு முன்பே திரியைக் கொளுத்திவிட்டான். பட்டாசுச் சத்தத்துக்கு நடுவே அவள் கணுவை அண்ணன் கையில் திணித்தாள். அவன் எழுந்து, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி வீசினான். கூட்டத்துத் தலைக்கு மேலே, தெருவுக்கு மேலே, இலந்தை மரத்துக்கு மேலே பறந்து, ஓடைக்கு அந்தப்பக்கம் எங்கோ விழுந்தது. அந்த ஊரில் எந்த மாமனும் அவ்வளவு தூரம் எறிந்ததில்லை.

யின்ஹுவா பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அத்தை, எங்க வீட்டுல பொம்பளை இல்லைன்னு சொன்னீங்களே. அப்ப நான் யாரு?"

பட்டாசு ஓய்ந்திருந்த நேரம் அது. எல்லாருக்கும் கேட்டது. கல்யாணமாகி வந்து ஒரு வருஷத்தில் அவள் மாமியாரிடம் எதிர்த்துப் பேசிய முதல் வார்த்தை.

ரென் வீட்டம்மா ஷுவான்லாவ் கையிலிருந்து புலியை வாங்கினாள். காதை இழுத்துப் பார்த்தாள், மீசையை இழுத்துப் பார்த்தாள், பித்தளைக் கண்ணை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. பிள்ளை வாயில் போட்டுக் கடித்தாலும் வராது என்று கணக்குப் போட்டிருப்பாள். அவளும் ஐந்து பெற்று வளர்த்தவள்தான். தான் கொண்டு வந்த மற்ற புலியைப் பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம், "எடுத்து உள்ள வை, அடுத்த வருஷம் உன் பொண்ணுக்கு ஆகும்" என்று கொடுத்தாள். அவள் முகத்தில் தோற்ற களை இருந்ததா என்று எல்லாரும் பார்த்தார்கள். இருந்தது. ஆனால் தோற்றதிலும் அவள் நேர்மையாகவே தோற்றாள்.

பிள்ளையை உள்ளே கிடத்தச் சொல்லிவிட்டு, அடியில் தீ மூட்டிச் சூடாக்கிய செங்கல் படுக்கைமேல், அதன் தலைமாட்டில் அவளே புலியை வைத்தாள். பிள்ளை பித்தளைக் கண்ணை வாய் பிளந்து பார்த்தது.

பிறகு முற்றத்துக்கு வந்தாள். கௌ, தலைமுடியில் வைக்கோலோடு, மேல் நாற்காலியில் பாதி உட்கார்ந்து பாதி எழுந்து நின்றார்.

"எந்திரிடா" என்றாள் தம்பியிடம். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் முனையால் நாற்காலியை ஒரு தடவை துடைத்தாள், திருப்தியில்லாமல் இன்னொரு தடவை துடைத்தாள். கதவோரத்தில் கிழிந்த அக்குளைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து, அதுவரை அவள் ஒரு தடவைகூடச் சொல்லாத உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"எங்க பிள்ளையோட மாமா! வாங்க, வந்து மேல உக்காருங்க."